சொந்த லோரி வைத்திருப்போர் கவனத்திற்கு: நல்ல வாடகை தரும் சரக்கைத் தேடிப் பிடிப்பது எப்படி?

தோட்டங்கள் கைமாறி வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது, தோட்டத்தில் டிராக்டரும் லோரியும் ஓட்டிப் பழகியவர்கள் பலர் பட்டணத்துக்கு வந்து கனரக வாகன ஓட்டுநர்களானார்கள். அவர்களின் பிள்ளைகளில் சிலர் இன்று ஒரு படி மேலே போய், சேமிப்பையும் வங்கிக் கடனையும் போட்டுச் சொந்தமாக ஒரு லோரி வாங்கி ஓட்டுகிறார்கள். கூண்டு இல்லாத, தட்டையான மேடை கொண்ட லோரிதான் பலரின் தேர்வு. இரும்புக் கம்பி, பலகை, குழாய், கான்கிரீட் பாளம், இயந்திரம் என எதையும் அதில் ஏற்றலாம்.

லோரி ஓய்வில்லாமல் ஓடுகிறது, ஆனால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை என்ற புலம்பல் இந்தத் தொழிலில் சகஜம். இரண்டு மூன்று தவணை கட்டத் தவறினால் லோரி மட்டுமல்ல, குடும்பத்தின் சேமிப்பும் போய்விடும். கிடைத்த சரக்கையெல்லாம் ஏற்றுவதற்கும் இலாபம் தரும் சரக்கைத் தேர்ந்து ஏற்றுவதற்கும் உள்ள வேறுபாட்டை அறிய, முதலில் கணக்குப் போட வேண்டும்.

ஓர் உதாரணக் கணக்கு

கிள்ளானிலிருந்து பாசிர் கூடாங்கிற்கு ஒரு லோடு இரும்பு. போக ஏறக்குறைய 370 கிலோமீட்டர், போய்வர 740 கிலோமீட்டர். வாடகை 1,600 வெள்ளி என்கிறார் ஏஜெண்டு. கிலோமீட்டருக்கு 4 வெள்ளிக்கு மேல் வருகிறதே என்று தோன்றும். கீழே உள்ள தொகைகள் விளக்கத்திற்காக எடுத்துக்கொண்டவை. ஒவ்வொருவரும் தத்தம் இரசீதுகளைப் பார்த்துச் சொந்த எண்களைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

மாதத் தவணை 4,000 வெள்ளி. காப்புறுதி, சாலை வரி, பரிசோதனை போன்றவற்றுக்கு மாதப் பங்காக 800 வெள்ளி. நிறுத்துமிடம், தொலைபேசி 200 வெள்ளி. ஓட்டுநரின் சொந்தச் சம்பளம் 4,000 வெள்ளி. ஆக மொத்தம் 9,000 வெள்ளி. மாதம் 25 நாள் வேலை என்றால் லோரி ஓடினாலும் நின்றாலும் ஒரு வேலை நாளுக்கு 360 வெள்ளி செலவு.

இந்தப் பயணத்துக்கு இரண்டு நாள், 720 வெள்ளி. லிட்டருக்கு 3 கிலோமீட்டர் ஓடும் லோரிக்கு 247 லிட்டர் டீசல் தேவை. உதவித்தொகை விலையான 2 வெள்ளி 15 சென்னில் அதற்கு 530 வெள்ளி. டயர், எண்ணெய், பழுதுக்குக் கிலோமீட்டருக்கு 60 சென் ஒதுக்கினால் 444 வெள்ளி. டோல் போய்வர 180 வெள்ளி என்று வைத்துக்கொள்ளலாம். மொத்தச் செலவு 1,874 வெள்ளி.

வெறும் லோரியாகத் திரும்பினால் 274 வெள்ளி நட்டம். திரும்பும்போது 700 வெள்ளிக்கு ஒரு சரக்கு கிடைத்தால் 426 வெள்ளி மிஞ்சும். அந்தத் திரும்பும் சரக்குக்காக ஒரு நாள் காத்துக் கிடந்தால் மிஞ்சுவது 66 வெள்ளிதான். ஆக, வாடகைத் தொகை மட்டும் இலாபத்தைக் காட்டாது. திரும்பும் வழியும் காத்திருக்கும் நேரமும் சேர்ந்தே அதை முடிவு செய்கின்றன.

பலர் செய்யும் பிழை, சொந்தச் சம்பளத்தைச் செலவில் சேர்க்காமல் விடுவது. அப்படிப் பார்த்தால் எந்தச் சரக்கும் இலாபமாகத்தான் தெரியும். இரண்டாவது பிழை, டயருக்கும் பழுதுக்கும் ஒதுக்காதது. டயர் வெடிக்கும் நாளில்தான் அந்தச் செலவு கண்ணில் படும்.

உரிமம் யார் பெயரில்?

தீபகற்பத்தில் சரக்கு லோரிக்கான உரிமத்தை 2010ஆம் ஆண்டு தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ், அதாவது சட்டம் 715இன் கீழ், அபாட் எனப்படும் தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனம் வழங்குகிறது. மற்றவர் சரக்கை வாடகைக்கு ஏற்ற கேரியர் ஏ உரிமம் வேண்டும். கேரியர் சி என்பது சொந்தச் சரக்குக்கு மட்டுமே. கேரியர் சி லோரியில் அடுத்தவர் சரக்கை வாடகைக்கு ஏற்றுவது குற்றம். ஓட்டுபவருக்கு வாகன வகுப்புக்கு ஏற்ற ஓட்டுநர் உரிமத்துடன் ஜிடிஎல் உரிமமும் அவசியம்.

சொந்த உரிமம் இல்லாமல், வேறொரு நிறுவனத்தின் உரிமத்தில் மாதக் கட்டணம் கட்டி ஓடும் வழக்கம் இத்தொழிலில் நெடுங்காலமாக உண்டு. 2025 ஜூன் மாதம் கெரிக் அருகே நடந்த பேருந்து விபத்தில் உப்சி பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் உயிரிழந்த பிறகு, உரிமத்தைப் பிறருக்கு வாடகைக்கு விடுவதை அரசாங்கம் கடுமையாகப் பார்க்கத் தொடங்கியது. அப்படி ஓடுபவரின் பிழைப்பு உரிமக்காரரின் கையில் இருக்கிறது. அந்த நிறுவனத்தின் உரிமம் இரத்தானால் லோரியும் நின்றுவிடும். பெரிய சரக்கு நிறுவனங்களும் உரிமமும் பதிவும் ஒரே பெயரில் இருக்கிறதா என்று பார்த்தே வேலை கொடுக்கின்றன. சொந்த உரிமத்துக்கான தகுதி, மூலதன நிபந்தனைகளை அபாட் அலுவலகத்தில் நேரில் கேட்டறிவது நல்லது.

டீசல் அட்டை

2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 சென்னிலிருந்து 3 வெள்ளி 35 சென்னாக உயர்ந்தது. தகுதிபெற்ற சரக்கு வாகனங்களுக்கு மட்டும் எஸ்கேடிஎஸ் 2.0 திட்டத்தின் கீழ், பிளீட் கார்டு வழியாக 2 வெள்ளி 15 சென் விலை தொடர்ந்தது. மேலே சொன்ன பாசிர் கூடாங் பயணத்தில், அந்த அட்டை இல்லாதவர் அன்றைய விலையில் கூடுதலாக 296 வெள்ளி செலவிட்டிருப்பார். சரக்கு கிடைத்தும் இலாபம் இல்லை என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். விண்ணப்பம் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் வழியாகச் செய்யப்படுகிறது. அட்டை வாகன உரிமத்தோடு பிணைந்தது என்பதால், அடுத்தவர் உரிமத்தில் ஓடுபவருக்கு இதிலும் சிக்கல் உண்டு.

நல்ல சரக்கு எங்கே இருக்கிறது?

ஒரு தொழிற்சாலை கொடுக்கும் வாடகை, பெரிய போக்குவரத்து நிறுவனம், அதன் துணைக் குத்தகையாளர், ஏஜெண்டு என்று கைமாறி லோரிக்காரரிடம் வரும்போது ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் தங்கிவிடுகிறது. வாட்ஸ்அப் குழுவில் வரும் சரக்கு பெரும்பாலும் இப்படிக் கடைசிக் கைக்கு வந்ததுதான். அவசரத்துக்கு அது உதவும். லாலாமூவ் போன்ற செயலிகள் வேன், சிறிய லோரிகளுக்கே அதிகம் பயன்படும்.

நேரடி வாடிக்கையாளரைத் தேடுவதே நீண்ட நாள் வழி. இரும்புக் கடைகள், கம்பி மொத்த வியாபாரிகள், பலகை ஆலைகள், கான்கிரீட் பாளம் வார்க்கும் இடங்கள், ஜெனரேட்டர், இயந்திரங்களை வாடகைக்கு விடுவோர், செம்பனை ஆலைகளுக்கு உதிரிப் பாகம் செய்யும் பட்டறைகள் ஆகியவற்றுக்குத் தட்டை மேடை லோரி தேவை. ஓர் இடத்தில் சரக்கு இறக்கும்போதே அங்குள்ள பொறுப்பாளரிடம், 'உங்கள் சரக்கை வெளியே கொண்டுபோவது யார்?' என்று கேட்பது செலவில்லாத வழி. சரக்கை ஏற்றி அனுப்பும் ஸ்டோர் அலுவலருக்கு, நேரத்துக்கு வரும் லோரிக்காரரின் எண் எப்போதும் தேவை.

எல்லாரும் ஏற்றக்கூடிய சரக்குக்கு வாடகை குறைவு. இரும்புச் சுருள், நீளமான குழாய், விலை உயர்ந்த இயந்திரம் ஆகியவற்றைக் கட்டி ஏற்றத் தெரிந்தவர் குறைவு என்பதால் வாடகையும் கூடும். சங்கிலி, பெல்ட், முனைக்காப்பு, கிழியாத கேன்வாஸ் ஆகியவை அதற்கான முதலீடு. கேன்வாஸ் போடுவது, இரண்டாவது இடத்தில் இறக்குவது போன்ற கூடுதல் வேலைக்குக் கூடுதல் பணத்தை முன்கூட்டியே பேச வேண்டும். அளவு மீறிய சரக்குக்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் தனி அனுமதி தேவை. அந்தச் செலவையும் வாடகையில் சேர்க்க வேண்டும்.

திரும்பும் சரக்கைப் போகும் முன்பே தேடுவது முக்கியம். பிறை, கெபெங், பாசிர் கூடாங் போன்ற தொழிற்பேட்டைகளில் ஆளுக்கு இரண்டு மூன்று தொடர்புகள் இருந்தால், ஏற்றும் நாளிலேயே திரும்பும் லோடைப் பேசிவிடலாம். சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் போன்ற காலங்களில் சரக்கு லோரிகள் ஓடக்கூடாத நாட்களை அமைச்சு அறிவிக்கும். அதற்கு முந்திய வாரங்களில் லோரிக்குத் தேவை அதிகம். வாடகை பேசச் சரியான நேரம் அது.

காத்திருப்பும் எழுத்தும்

'இத்தனை மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் மணிக்கு இவ்வளவு' என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஏற்றும் இடம், இறக்கும் இடம், எடை, வாடகை, பணம் தரும் நாள் ஆகியவையும் அதில் இருக்க வேண்டும். சென்றடைந்த நேரத்தையும் இறக்கி முடித்த நேரத்தையும் டி.ஓ. தாளில் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வாங்கிப் படம் எடுத்து வைக்க வேண்டும்.

வாடகை நல்லதாக இருந்தும் 90 நாள் கழித்துப் பணம் வந்தால், அதுவரை டீசலுக்குக் கடன் வாங்க நேரும். புதிய ஆளிடம் முதல் இரண்டு லோடுக்குப் பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்பது தவறில்லை. பணம் வராவிட்டால் தனிநபர் ஒருவர் வழக்கறிஞர் இல்லாமலேயே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு தொகைக் கோரிக்கை வழக்குத் தொடரலாம். ஒப்பந்தம் சார்ந்த கோரிக்கைக்குத் தீபகற்பத்தில் 6 ஆண்டு காலவரம்பு உண்டு. கையில் டி.ஓ. தாள் இல்லாதவருக்கு இவற்றால் பயன் குறைவு.

எடை மீறிய பணம் வேண்டாம்

லோரியின் பக்கவாட்டில் BDM, BTM என இரண்டு எடைகள் எழுதியிருக்கும். முதலாவது சரக்கோடு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை, இரண்டாவது வெறும் லோரியின் எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஏற்றக்கூடிய சரக்கு. 'இன்னும் ஐந்து டன் போடு, 300 வெள்ளி கூடத் தருகிறேன்' என்பவர், பிரேக் பிடிக்காமல் போகும்போது பக்கத்தில் இருக்கமாட்டார். 2025 மே 13ஆம் தேதி தெலுக் இந்தானில் கல் ஏற்றிய லோரியும் கலகத் தடுப்புப் போலீஸ் வாகனமும் மோதி 9 போலீஸ்காரர்கள் இறந்ததை நாடு மறக்கவில்லை. அபராதமும் லோரி பறிமுதலும் ஒரு பக்கம். எடை மீறிய லோரி விபத்தில் சிக்கினால் காப்புறுதிக் கோரிக்கையும் சிக்கலாகிவிடும்.

வாகனக் காப்புறுதி பொதுவாக ஏற்றிய சரக்குக்குப் பொறுப்பேற்காது. அதற்குத் தனிச் சரக்குக் காப்புறுதி வேண்டும். விலை உயர்ந்த சரக்கு தரும் நிறுவனங்கள் அதைக் கேட்கும். சொந்தமாகத் தொழில் செய்யும் ஓட்டுநர்களுக்கு பெர்கேசோவின் சட்டம் 789 பாதுகாப்பு உண்டு. 2017இல் டாக்சி ஓட்டுநர்களுக்காகத் தொடங்கிய அது, 2020 முதல் சரக்குப் போக்குவரத்து உள்ளிட்ட துறைகளுக்கும் விரிவானது. ஓட்டுபவர் படுத்துவிட்டால் லோரியும் நின்றுவிடும் ஒரு குடும்பத்துக்கு இந்தச் சந்தா வீண்செலவல்ல.

அடுத்த அழைப்பு வரும்போது

ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தில் மூன்று மாதம், ஒவ்வொரு பயணத்துக்கும் கிலோமீட்டர், டீசல், டோல், காத்திருந்த மணி, கிடைத்த வாடகை, பணம் வந்த நாள் ஆகியவற்றை எழுதி வந்தால், எந்த வாடிக்கையாளர் சோறு போடுகிறார், யாருக்காக லோரி சும்மா தேய்கிறது என்பது தெரிந்துவிடும். கணக்கு எழுதும் வேலையை வீட்டில் படித்த பிள்ளையோ மனைவியோ ஏற்றுக்கொண்ட குடும்பங்களும் உண்டு. வருமான வரிப் பாரம் நிரப்பவும், அடுத்த லோரிக்கு வங்கியில் கடன் கேட்கவும் அதே நோட்டுதான் உதவும்.

மேலே சொன்ன உதாரணத்தில் போய்வரும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஆகும் செலவு 2 வெள்ளி 53 சென். தன் லோரிக்கு அந்த எண் என்ன என்று தெரிந்தவர், ஏஜெண்டு கூப்பிடும்போது 'பார்க்கலாம்' என்று இழுக்கத் தேவையில்லை. ஏற்கலாமா வேண்டாமா என்று அங்கேயே பதில் சொல்லிவிடலாம்.