களமும் சிறையும்: நோர்வே வீரர் ஹல்வோர்சன் வரலாறு

விளையாட்டு மனிதனைப் பண்படுத்தும் என்பது எல்லா நாட்டவரும் ஒப்புக்கொண்ட வாக்கு. பாடசாலைகளில் ஆசிரியர்களும் பரிசளிப்பு விழாக்களிற் பெரியோர்களும் இதனை எடுத்துச் சொல்வதுண்டு. இவ்வாக்கு எவ்வளவிற்கு உண்மை, எவ்விடத்தில் அது நின்றுவிடுகிறது என்று அறிய விரும்புவோர்க்கு, நோர்வே நாட்டு உதைபந்தாட்ட வீரர் அஸ்பியோர்ன் ஹல்வோர்சனின் வாழ்க்கை ஒரு சிறந்த பாடமாகும்.

நோர்வேயின் தென்கிழக்குப் பகுதியில், பெரும் அருவியொன்றின் அருகே அமைந்த ஆலை நகரம் சார்ப்ஸ்போர்க். அங்கே 1898ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் ஹல்வோர்சன் பிறந்தார். அந்நகரக் கழகம் 1917ஆம் ஆண்டு நோர்வேக் கிண்ணத்தை வென்றபோது அவர் பதினெட்டு வயது இளைஞர். அடுத்த ஆண்டிலேயே தேசிய அணியில் இடம் பெற்றார். 1920ஆம் ஆண்டு அன்ட்வேர்ப் நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் விழாவுக்குச் சென்ற நோர்வே அணியிலும் அவர் இருந்தார். உதைபந்தாட்டத்தின் தாயகமெனப்பட்ட பிரித்தானியாவை அவ்வணி அங்கு 3–1 என்ற கணக்கில் வீழ்த்தியது.

அவர் ஆடிய இடம் அக்காலத்தில் ‘சென்ரர் ஹாவ்’ எனப்பட்டது. 1925ஆம் ஆண்டு ‘ஓவ்சைட்’ விதி மாற்றப்பட்ட பின்னர், அவ்விடத்தில் ஆடுபவரைப் பின்னே இழுத்துக் காவலர் வரிசையில் நிறுத்தும் வழக்கம் மெல்ல மெல்லப் பரவிற்று. அதற்கு முன்னரோ அவர் களத்தின் நடுவே நின்று, பகைவரின் தாக்குதலைத் தடுப்பதும், தடுத்த பந்தை முன்னணி வீரருக்கு அனுப்புவதுமாகிய இருவேறு கடமைகளை ஒருங்கே ஆற்றினார். கோல் அடித்த புகழ் பிறருக்குச் செல்லும். அக்கோலுக்கு வழிவகுத்த உழைப்பு அவருடையதாகும்.

1921ஆம் ஆண்டு ஹல்வோர்சன் தொழில் நிமித்தம் ஜேர்மனியின் துறைமுகப் பட்டினமாகிய ஹம்பேர்க்கை அடைந்து, அந்நகரின் பெருங் கழகத்திற் சேர்ந்தார். ஜேர்மனியில் அந்நாளிற் சம்பளம் பெற்று ஆடுதல் விலக்கப்பட்டிருந்தது. ஆயினும் திறமையிலும் இரசிகர் கூட்டத்திலும் அக்கழகம் எந்தத் தொழில்முறைக் கழகத்துக்கும் இளைத்ததன்று. 1923இலும் 1928இலும் அது ஜேர்மனியின் வெற்றிக் கழகமாயிற்று. அவ்வெற்றிகளின் நடுத்தூண் ஹல்வோர்சன். அவர் அனுப்பிய பந்துகளைக் கோலாக மாற்றிய முன்னணி வீரர், ‘தூல்’ என்று மக்கள் செல்லமாக அழைத்த ஒட்டோ ஹார்டர். இருவரும் ஒரே சட்டை அணிந்து, ஒரே வெற்றியைக் கொண்டாடியவர்கள். ஹம்பேர்க் மக்கள் இருவரையும் சமமாகவே போற்றினர்.

1933ஆம் ஆண்டு ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். அவ்வாண்டோடு ஹல்வோர்சனின் ஹம்பேர்க் வாழ்வும் முடிவுற்றது. தாயகம் திரும்பிய அவர் நோர்வே உதைபந்தாட்டச் சங்கத்தின் செயலாளராகித் தேசிய அணியைப் பயிற்றும் பொறுப்பையும் ஏற்றார்.

1936ஆம் ஆண்டு பேர்லின் ஒலிம்பிக் விழாவில் அவரது அணி துருக்கியை 4–0 என வென்று, ஓகஸ்ட் 7ஆந் திகதி ஜேர்மனியை எதிர்த்தது. வெற்றி உறுதியென நம்பிய ஹிட்லர், கோயபல்ஸ் முதலிய பரிவாரங்களோடு ஆட்டத்தைக் காண வந்திருந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் ஜேர்மனியர் நடுவே ஆடிய ஹல்வோர்சனுக்கு அவர்களின் ஆட்டமுறை புதிதன்று. நோர்வே வீரர் மக்னார் இசாக்சன் தொடக்கத்தில் ஒன்றும் இறுதி வேளையில் ஒன்றுமாக இரண்டு கோல்களை அடித்தார். ஜேர்மனி ஒன்றும் அடிக்கவில்லை. ஆட்டம் முடியுமுன்னரே ஹிட்லர் அரங்கை விட்டு அகன்றார். அரையிறுதியில் மேலதிக நேரத்தில் இத்தாலியிடம் 2–1 எனத் தோற்ற நோர்வே, போலந்தை 3–2 என வென்று வெண்கலப் பதக்கம் பெற்றது. அம்மூன்று கோல்களையும் ஆர்னே புருஸ்தாத் அடித்தார். 1938ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியிலும் நோர்வே, பின்னர் கிண்ணத்தைக் கைப்பற்றிய இத்தாலியிடம் மேலதிக நேரத்திலேயே தோற்றது. அதன்பின் நோர்வே ஆடவர் அணி உலகக் கிண்ண அரங்கில் மீண்டும் தோன்ற 1994ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

1940ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆந் திகதி ஜேர்மன் படைகள் நோர்வேயினுட் புகுந்தன. அவ்வாண்டின் இறுதியில், நாட்டின் விளையாட்டுச் சங்கங்கள் யாவற்றையும் தம் ஆணைக்குக் கீழ்ப்பட்ட ஒரே நிறுவனமாக்க ஆக்கிரமிப்பாளரும் அவர்தம் கையாட்களும் முனைந்தனர். நிறைந்த அரங்குகள் நாடு அமைதியாக இருக்கின்றதென்று உலகுக்குக் காட்டும் என்பது அவர்களின் கணக்கு. விளையாட்டு வீரர்கள் கொடுத்த மறுமொழி எளியது: அவர்கள் ஆட மறுத்தனர். சங்கத் தலைவர்கள் பதவி துறந்தனர். மக்களும் அரங்குகளுக்குச் செல்லாது விட்டனர். ஆண்டுதோறும் நடந்துவந்த தேசியக் கிண்ணப் போட்டி 1941 முதல் 1944 வரை நடைபெறவேயில்லை. வாழ்நாளெல்லாம் மைதானத்தை நிரப்பப் பாடுபட்ட ஹல்வோர்சன், இப்போது அது வெறுமையாய்க் கிடக்கவேண்டுமென்று பாடுபட்டார்.

இரகசியப் பத்திரிகைப் பணியிலும் ஈடுபட்ட அவர் 1942ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் கைதுசெய்யப்பட்டார். ஒஸ்லோவுக்கு அண்மையிலுள்ள கிரீனி முகாமிலிருந்து, 1943இல் அல்சாஸ் மலைப் பகுதியிலுள்ள நாற்ஸ்வைலர் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். ‘இரவும் மூடுபனியும்’ என்ற ஆணையின் கீழ், உற்றாருக்குச் செய்தி ஏதும் எட்டாதவாறு மறைக்கப்பட்ட கைதிகள் அடைக்கப்பட்ட இடம் அது. பசியும் நோயும் கல்லுடைப்பும் அங்கு நாளாந்த வாழ்க்கை. முகாம் விட்டு முகாம் மாற்றப்பட்டு, 1945இல் அவர் இறுதியாகக் கொண்டுவரப்பட்ட இடம் நொயங்கம. ஒரு காலத்தில் அவரைப் போற்றிய ஹம்பேர்க் நகரின் எல்லைக்குள்ளேயே அமைந்த முகாம் அது.

ஒட்டோ ஹார்டர் என்னவானார்? 1932இல் நாஸிக் கட்சியிலும், அடுத்த ஆண்டில் எஸ்.எஸ். படையிலும் சேர்ந்த அவர், அதே நொயங்கம முகாமிற் காவற் பணி புரிந்தார். பின்னர், ஹனோவர் நகருக்கு அண்மையில் அமைந்த அதன் கிளையாகிய ஆலெம் முகாமின் அதிகாரியானார். சுரங்கத்தில் வேலை செய்யுமாறு ஏவப்பட்ட யூதக் கைதிகள் பலர் அங்கு மாண்டனர். 1947ஆம் ஆண்டு பிரித்தானிய இராணுவ நீதிமன்றம் அவருக்குப் பதினைந்து ஆண்டுச் சிறை விதித்தது. 1951இல் விடுதலை பெற்ற அவர் 1956இல் இறந்தார்.

சுவீடன் செஞ்சிலுவைச் சங்கத்தின் வெள்ளைப் பேருந்துகள் 1945ஆம் ஆண்டு வசந்த காலத்தில் நோர்வே, டென்மார்க் கைதிகளை நொயங்கமவிலிருந்து மீட்டபோது, ஹல்வோர்சனும் உயிர் தப்பினார். உடல் நலிந்து வந்த அவர் ஓய்வை நாடவில்லை. சங்கச் செயலாளர் பணியை மீண்டும் ஏற்றார். 1955ஆம் ஆண்டு ஜனவரி மாதம் வடநோர்வேயின் நார்விக் நகரில், ஐம்பத்தாறாவது வயதிற் காலமானார்.

ஒரே அணி, ஒரே பயிற்சி, ஒரே கரகோஷம் இவ்விருவரையும் உருவாக்கின. ஒருவர் சிறை வைத்தார், மற்றவர் சிறைப்பட்டார். விளையாட்டு மனிதனுக்கு உடல் வலிமையையும் துணிவையும், தோழரோடு ஒத்துழைக்கும் பழக்கத்தையும் அளிக்கலாம். அவற்றை எவர் பொருட்டுச் செலவிடுவது என்ற வினாவுக்கு அது விடை தருவதில்லை. அவ்விடையை ஒவ்வொருவரும் தாமே தேடவேண்டும். ஹல்வோர்சன் தேடிக்கொண்ட விடைக்குரிய விலையையும் தாமே கொடுத்தார்.