குழாயைத் திறந்தா ஏரி

மான்செஸ்டர்ல ஆன்சைட் போன முதல் நாள், தண்ணி கேன் எங்க கிடைக்கும்னு ரூம்மேட்டைக் கேட்டேன். "கேனா? குழாய்ல பிடிச்சுக் குடிடா. லேக் டிஸ்ட்ரிக்ட்ல இருந்து வருது"ன்னான். ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணின வேர்ட்ஸ்வொர்த்தோட டாஃபடில்ஸ் பூ பூத்த ஊராச்சே! அங்க இருந்தா குழாய்க்குத் தண்ணி? ஒரு சனிக்கிழமை ஆணி எதுவும் இல்லாததால கிளம்பிட்டோம்.

பனியாறுகள் குடைஞ்ச பள்ளங்கள்ல நிக்கிற ஏரிகள் இவை. விண்டர்மியர்ல கூட்டம் அள்ளுது. படகு, ஐஸ்க்ரீம், போட்டோன்னு வழக்கமான சமாச்சாரம். எனக்குப் பிடிச்சுப் போனது கூட்டமில்லாத ரெண்டு ஏரிகள். ரெண்டுமே இப்ப இருக்கிற உருவத்துல இயற்கை கிடையாது மக்களே.

முதலாவது தேர்ல்மியர். பஞ்சாலைகளால் மான்செஸ்டர் வீங்கிக்கொண்டே போன காலம். லாங்டெண்டேல் பள்ளத்தாக்கில் கட்டிய நீர்த்தேக்கங்கள் பத்தாமல் போயின. மாநகராட்சியின் கண் தேர்ல்மியர் மேல் விழுந்தது. நடுவில் ஒடுங்கி, சின்னப் பாலத்தில் நடந்தே கடக்கக்கூடிய ஏரி அது. அணை கட்டி நீர்மட்டத்தைச் சுமார் 50 அடி உயர்த்துவது திட்டம். 1877-ல் எதிர்ப்புச் சங்கம் ஆரம்பித்தார்கள். ஜான் ரஸ்கின் மாதிரி பெரிய தலைகளே எதிர்த்தார்கள். 1878-ல் மசோதா நிறைவேறவில்லை. 1879-ல் நிறைவேறியது. 1894-ல் தண்ணீர் ஊருக்கு வந்தது. 96 மைல் கால்வாய், வழியில் ஒரு பம்புகூட கிடையாது, முழுக்க புவியீர்ப்புதான். இஞ்சினியரிங் படிச்சவனுக்கு இதைக் கேட்டா புல்லரிக்கத்தான் செய்யும். எனக்கும் புல்லரிச்சுது.

தோத்தவங்க சும்மா இருக்கலை. தண்ணீர் வந்த மறுவருடமே, 1895-ல், கெஸ்விக் பக்கத்துப் பாதிரியார் ஹார்ட்விக் ரான்ஸ்லி, ஆக்டேவியா ஹில், ராபர்ட் ஹண்டர் மூணு பேரும் சேர்ந்து நேஷனல் டிரஸ்டைத் தொடங்கினார்கள். பறிபோன பிறகு அழுவதைவிட முன்னாடியே வாங்கி எல்லோருக்கும் பொதுவாக்கிவிடலாம் என்பதுதான் யோசனை. 1902-ல் டெர்வெண்ட்வாட்டர் கரையில் பிராண்டல்ஹவ் காட்டை மக்களிடம் வசூல் செய்தே வாங்கினார்கள்.

ரெண்டாவது ஹாஸ்வாட்டர். இங்கதான் எனக்குக் கொஞ்சம் கஷ்டமாப் போச்சு. 1919-ல் சட்டம், 1929-ல் வேலை ஆரம்பம். நீர்மட்டம் 95 அடி உயர்ந்தது. மார்டேல் கிரீன் என்ற கிராமம் மொத்தமாக உள்ளே போய்விட்டது. கல்லறைகளைத் தோண்டி நூறு பேருக்குக் கிட்ட எடுத்துப்போய் ஷாப் என்ற ஊரில் மறுபடி புதைத்தார்கள். 1935 ஆகஸ்டில் தேவாலயத்தில் கடைசி ஆராதனை. உள்ளே இடமில்லாமல் வெளியே நின்றவர்கள் ஒலிபெருக்கியில் கேட்டார்கள். பிறகு தேவாலயத்தையும் இடித்து, அதன் கற்களை ஏரியிலிருந்து நீர் எடுக்கும் கோபுரத்துக்குப் பயன்படுத்தினார்கள். 1984 மாதிரி கடும் வறட்சி வருடங்களில் அந்தக் கிராமத்தின் சுவர்களும் பாலமும் வெளியே வந்து முகம் காட்டும்.

மூணாவது சுற்று டாஃபடில்ஸ் ஏரியான அல்ஸ்வாட்டருக்கு. அங்கேயும் தண்ணீர் எடுக்க மாநகராட்சி மசோதா கொண்டுவந்தது. 1962 பிப்ரவரி 8-ம் தேதி பிரபுக்கள் சபையில் பர்க்கெட் பிரபு எழுந்து பேசினார். ஏரி தப்பித்தது. ரெண்டே நாளில் மனுஷன் இறந்துபோனார். பக்கத்து மலை உச்சி ஒன்றுக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். பிற்பாடு அங்கேயும் தண்ணீர் எடுத்தார்கள்தான், ஆனால் பம்பு நிலையத்தைப் பூமிக்கடியில் ஒளித்துவைத்து. 2017-ல் யுனெஸ்கோ இந்தப் பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

படிக்கும்போது நான் மார்டேல்காரங்க பக்கம்தான். ஆனா லட்சக்கணக்கான ஜனங்களுக்குத் தண்ணி வேணாமான்னு கேட்டா பதில் இல்லை.

ஹாஸ்வாட்டர் கரையில ரொம்ப நேரம் எட்டி எட்டிப் பார்த்தேன். ஏரி நிறைஞ்சு இருந்துச்சு, ஒரு கல்லும் தெரியலை. தாகமா இருக்கேன்னு பையில இருந்து பாட்டிலை எடுத்தேன். காலைல வீட்டுக் குழாய்ல பிடிச்ச தண்ணி. மூடியைத் திறந்துட்டு, குடிக்க ஒரு நிமிஷம் யோசிச்சேன். அப்புறம் குடிச்சேன்.