இரண்டு ஏரி நாடுகள்

ஆங்கிலக் கவிதையை வரலாற்று முறையில் பயின்றவர்களுக்கு 1798 ஓர் எல்லைக்கல். வேர்ட்ஸ்வர்த்தும் கோல்ரிட்ஜும் இணைந்து 'லிரிகல் பாலட்ஸ்' தொகுதியை வெளியிட்ட ஆண்டு அது. அத்தொகுதியின் இறுதிக் கவிதை, டின்டர்ன் மடாலயத்துக்குச் சில மைல் மேலே, வை நதிக்கரையில் இயற்றப்பட்டதாகத் தன் தலைப்பிலேயே கூறிக்கொள்வது. ஜூலை 13 என்று தேதியும் இட்டிருக்கிறது. அதே 1798-இல்தான் செங்கற்பட்டு ஜாகீரின் கலெக்டரான லயனல் பிளேஸ் நான்காண்டுப் பணியை முடித்து விலகினார். ஹைதர் அலியின் 1780-ஆம் ஆண்டுப் படையெடுப்பில் பாழ்பட்ட சீமை அது. அங்கே சிதைந்து கிடந்த ஏரிகளைச் செப்பனிடுவதில் முனைப்புக் காட்டியவர் அவர்.

கவிஞருக்கும் கலெக்டருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. எனினும் வல்லம் வடகால் வழியே அன்றாடம் வேலைக்குச் செல்லும் நண்பர்கள் எங்களிடையே உண்டு. அந்த ஊரை மனத்தில் இருத்திக் கவிதையைப் படித்தபோது இவ்விருவரையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தோன்றியது. வேர்ட்ஸ்வர்த் பிறந்து வாழ்ந்த வட இங்கிலாந்துப் பகுதி 'ஏரி மாவட்டம்' எனப்படும். நம் பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக்கும் அதே பெயர் வழங்கி வந்தது.

முதலில் கவிதையைப் பார்ப்போம். ஐந்தாண்டுகளுக்குப் பின் கவிஞர் அந்த நதிக்கரைக்குத் திரும்புகிறார். நீரின் ஓசை, செங்குத்தான பாறைகள், பழத்தோட்டங்கள், வேலிகள், மரங்களிடையே எழும் புகை ஆகியன அடுத்தடுத்து வருகின்றன. இயற்கை வருணனை அவ்வளவே. இருபத்து சொச்சம் வரிகளில் முடிந்துவிடுகிறது. மீதிக் கவிதை முழுதும் நினைவைப் பற்றியது. நகரத்து அறைகளில் சோர்ந்திருந்தபோது இந்தக் காட்சி தமக்கு எவ்வாறு மருந்தாயிற்று என்கிறார். இளமையில் மான்போல் மலைகளில் ஓடித்திரிந்த காலம் போய், இப்போது அதே இயற்கையில் மானுடத் துயரின் மெல்லிய இசையையும் கேட்க முடிகிறது என்கிறார். இறுதியில் உடனிருக்கும் தங்கை டாரதியிடம் பேசுகிறார். கற்பனாவாதக் கவிதையில் இயற்கை காட்சிப்பொருளன்று, மனம் தன்னையே அறிந்துகொள்ளும் இடம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

ஆனால் அந்தப் புகை எங்கிருந்து வந்தது? காட்டில் தங்கிய வீடற்றவர்களோ, குகையில் வாழும் துறவியோ மூட்டிய தீயாகக் கவிதை அதை ஊகிக்கிறது. வரலாறு வேறு விவரங்களைத் தருகிறது. டின்டர்னில் 1566 முதலே கம்பி இழுக்கும் ஆலை இருந்தது. இரும்பு உருக்கக் கரி வேண்டும். கரிக்கு அந்தக் காட்டு மரங்களே எரிந்தன. இடிந்த மடாலயத்தைச் சுற்றி வறியவர்கள் குடிசையிட்டு வாழ்ந்ததை, 1782-இல் வெளிவந்த தம் பயண நூலில் வில்லியம் கில்பின் எழுதியிருக்கிறார். கவிஞர் இவற்றைக் கண்டும் விலக்கினார் என்று மார்ஜரி லெவின்சன் என்ற விமரிசகர் 1986-இல் வாதிட்டபோது பெரும் சர்ச்சை எழுந்தது. அந்தக் குற்றச்சாட்டு பாதிதான் செல்லும் என்பது எங்கள் எண்ணம். புகையையும் வீடற்றவர்களையும் கவிஞர் மறைக்கவில்லை. மறைந்துபோனது உழைப்பு. புகை அமைதியின் அடையாளமாகிவிட்டது.

தமிழ் மரபில் இந்த விடுபடல் எளிதில் நேர்ந்திருக்க முடியாது. தொல்காப்பியம் நிலத்துக்குரிய கருப்பொருள்களை எண்ணும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, யாழ் ஆகியவற்றோடு அந்நில மக்களின் தொழிலையும் சேர்த்தே எண்ணுகிறது. காஞ்சியை நோக்கி வழி சொல்லும் பெரும்பாணாற்றுப்படையின் 500 அடிகளில் உப்பு வண்டி ஓட்டும் உமணரும், எறும்பு சேர்த்த புல்லரிசியைத் தோண்டியெடுக்கும் எயிற்றியரும், ஆயரும் உழவரும் மீனவரும் வந்துகொண்டே இருக்கிறார்கள். யாரும் வேலை செய்யாத நிலம் அந்தப் புலவருக்குத் தெரியாது.

நம் ஏரியும் அப்படித்தான். அது இயற்கை தந்த நீர்ப்பரப்பன்று. மண்ணை வெட்டிக் கரையெழுப்பி மழையை நிறுத்தி வைத்த ஏற்பாடு. வரத்துக்கால், கரை, மதகு, கலங்கல், ஆயக்கட்டு என்று அதன் ஒவ்வோர் உறுப்புக்கும் பெயர் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் உண்டு. உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்கின்றன. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு ஜாகீர் கிராமங்களை அளந்தபோதும் விளைச்சலில் ஊர்ப் பணியாளர்களுக்குரிய பங்குகள் பதிவாயின. 'கால்' என்பதற்கு வாய்க்கால் என்ற பொருளும் உண்டாகையால், வடகால் என்ற ஊர்ப்பெயரையே ஒரு வடக்கு வாய்க்காலின் நினைவாகப் படிக்க எங்களுக்கு ஆசை.

பிளேஸைப் பற்றி மதுராந்தகத்தில் ஒரு கதை உண்டு. பெருமழை இரவில் ஏரிக்கரை உடையுமென்று அஞ்சிச் சென்றவர், வில்லேந்திய இருவர் கரையைக் காத்து நிற்கக் கண்டாராம். 'ஏரி காத்த ராமர்' என்ற பெயர் அதனால் வந்தது என்பார்கள். கற்பனாவாதக் கவிஞன் காண வேண்டிய தரிசனத்தை வரி வசூலிக்கும் அதிகாரிக்குக் கொடுத்தது நம் ஊராரின் குறும்புதான்! அந்தத் தரிசனத்திலும் தெய்வங்கள் பார்ப்பது காவல் வேலை.

வேர்ட்ஸ்வர்த்தின் ஏரி நாட்டையும் தொழிற்காலம் விட்டுவைக்கவில்லை. 1844-இல் வின்டர்மியருக்கு ரயில் பாதை போடத் திட்டமிட்டபோது முதிய கவிஞர் அதை எதிர்த்துப் பத்திரிகைக்குக் கடிதங்கள் எழுதினார். ஆலைத் தொழிலாளரைக் கூட்டங்கூட்டமாக ஏரிக்கரையில் இறக்குவதால் அவர்களுக்குப் பயனில்லை, அழகை உணரப் படிப்படியான பயிற்சி வேண்டும் என்பது அவர் வாதம். அவர் எதிர்த்தும் 1847-இல் ரயில் வந்தது. பின்னர் தர்ல்மியர் ஏரியில் அணை கட்டி, 1894 முதல் மான்செஸ்டர் நகரம் அதன் நீரைக் குடித்தது. திருப்பெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரி நீர் செம்பரம்பாக்கம் சேர்ந்து சென்னைக்குக் குடிநீராவதை அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று.

இன்று வல்லம் வடகாலில் சிப்காட் தொழிற்பூங்கா இருக்கிறது. ராயல் என்ஃபீல்டு ஆலை 2017-இல் உற்பத்தியைத் தொடங்கியது. 2024 ஆகஸ்டில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கக்கூடிய விடுதி வளாகம் திறக்கப்பட்டது. கவிதையில் விடுபட்டது இங்கே கண்முன் நிற்கிறது; ஏரிகள்தாம் கம்பி வேலிகளுக்கும் கன்டெய்னர் லாரிகளுக்கும் பின்னே போய்விட்டன. இத்தகைய ஊரில் வேர்ட்ஸ்வர்த்துக்கு இடமில்லை என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அவர் கவிதையின் மையம் நதிக்கரையில் இல்லை, நகரத்து அறையில் இருக்கிறது. ஊரை விட்டு வந்தவர் சோர்ந்த வேளையில் உடலுக்குள் உணரும் ஒரு நீரோசை அது. ஷிப்ட் முடித்துத் திரும்பி, வேறொரு மாவட்டத்தில் விட்டுவந்த கரையையும் மதகையும் நினைக்கும் ஒரு பெண்ணுக்கு இதை எவரும் விளக்க வேண்டியதில்லை. பயிற்சியில்லாத தொழிலாளருக்கு ஏரி எதற்கு என்று கேட்ட 1844-இன் முதியவரை 1798-இன் இளைஞரே மறுத்துவிடுகிறார்.

அந்த இளைஞர், தங்கையின் மனம் இந்தக் காட்சிகளெல்லாம் குடியிருக்கும் வீடாகட்டும் என்று வாழ்த்துகிறார். டாரதி நாட்குறிப்புகள் எழுதியவர். அண்ணன் காணாதவற்றையும் கண்டவர். கவிதைக்குள் அவர் ஒரு சொல்லும் பேசுவதில்லை. வல்லம் வடகால் விடுதியின் அறைகளிலிருந்து அப்படியொரு நாட்குறிப்பு தமிழில் வருமானால், அதில் ஏரிக்குக் கரையும் மதகும் மட்டுமின்றி, அவற்றை வெட்டிய கைகளும் இருக்கும் என்று நாங்கள் எதிர்பார்க்கிறோம்.