கெடுவுக்கு முன் மீட்பது: வீட்டுக்கடனை முன்கூட்டி அடைக்கும் உரிமை

போக்கியத்துக்கு விட்ட நிலத்தை மீட்கப் பணத்தோடு போனவரிடம் "கெடு முடியட்டும், பிறகு வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்வது தமிழ்நாட்டு ஊர்களில் பழகிய பேச்சு. பணம் கொடுத்தவருக்கு அசல் திரும்பினால் மட்டும் போதாது. பத்திரத்தில் எழுதிய காலம் முழுக்க விளைச்சலும் தன் கைக்கு வர வேண்டும். 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 60ஆம் பிரிவும் இந்த வழக்கத்தோடு ஒத்தே போகிறது. அசல் தொகையைச் செலுத்த வேண்டிய நாள் வந்த பிறகு அடமானம் வைத்தவர் எப்போது வேண்டுமானாலும் சொத்தை மீட்கலாம் என்கிறது அது. அந்த நாள் வருவதற்கு முன்பு மீட்கலாம் என்று அது சொல்லவில்லை. ஒப்பந்தம் இடம் கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

இருபது ஆண்டு வீட்டுக்கடன் இந்தப் பிரிவுக்கு முன் ஒரு விசித்திரமான கடன். 240 தவணைகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் உண்டு. முழு அசலுக்குமான நாள் கடைசித் தவணையோடுதான் வருகிறது. அப்படியானால் பத்தாவது ஆண்டில் கையில் பணம் இருப்பவர் மூலப்பத்திரத்தைத் திருப்பிக் கேட்பது எந்த உரிமையால்? வீட்டுக்கடனை முன்கூட்டி அடைக்கலாமா என்ற கேள்வியைப் பத்திரிகைகள் வட்டிக் கணக்காக மட்டுமே எழுதிவருகின்றன. அதற்கு முந்தியது உரிமைக் கேள்வி. வட்டி மாறும் கடனில் கெடுவும் மாறுகிறது; தவணையை ஏற்றாமல் அந்தக் கெடுவைக் கடனாளி தன் கட்டுக்குள் வைத்திருக்க முன்கூட்டி அடைப்பது ஒன்றே உறுதியான வழி என்பதும், அவ்வுரிமை சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும் என்பதும் என் வாதம்.

இந்த உரிமைக்கு வயது அதிகமில்லை. முன்பு கடனை இடையில் முடிக்க வந்தவரிடம் பாக்கித் தொகையில் 2 சதவீதம் அளவுக்கு அபராதம் வாங்குவது வங்கிகளிடமும் வீட்டுவசதி நிதி நிறுவனங்களிடமும் சாதாரணமாக இருந்தது. 20 லட்சம் பாக்கிக்கு 40 ஆயிரம் ரூபாய். வட்டி குறைவான வேறு வங்கிக்கு மாற நினைத்தவரை நிறுத்திவைக்க அதுவே போதும். இது போட்டியை ஒடுக்குகிறது என்ற புகார் இந்தியப் போட்டி ஆணையத்துக்குப் போனது. 2010 டிசம்பரில் ஆணையம், உறுப்பினர்களிடையே கருத்து வேறுபாட்டோடு, பெரும்பான்மை முடிவில் அதைத் தள்ளியது. சொத்துச் சட்டமும் போட்டிச் சட்டமும் கைவிட்ட இடத்தில் ஒழுங்குமுறை அமைப்புகள்தான் கைகொடுத்தன. தேசிய வீட்டுவசதி வங்கி தன் கட்டுப்பாட்டில் இருந்த நிறுவனங்களுக்கு 2010, 2011 ஆண்டுகளில் படிப்படியாகத் தடை போட்டது. மாறும் வட்டி வீட்டுக்கடன்களில் முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012 ஜூன் 5 அன்று வங்கிகளுக்கு உத்தரவிட்டது. 2025 ஜூலையில் வெளியான புதிய நெறிமுறைகள், 2026 ஜனவரி 1 முதல் வழங்கப்படும் கடன்களுக்கு இந்தத் தடையை இன்னும் விரிவாக்கின. பணம் எங்கிருந்து வந்தது என்றும் கேட்கக் கூடாது, இத்தனை ஆண்டு கழித்துத்தான் அடைக்கலாம் என்றும் சொல்லக் கூடாது.

நிலையான வட்டிக் கடனில் அபராதம் கேட்பதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. சந்தை வட்டி ஏறினாலும் அங்கே நட்டத்தைச் சுமப்பவர் கடன் கொடுத்தவர். ஜெர்மனியில் அத்தகைய கடனை இடையில் முடிப்பவர் இழப்பீடு தருகிறார். பத்து ஆண்டுகள் கடந்துவிட்டால் இழப்பீடு இல்லாமல் விலகிக்கொள்ள அந்நாட்டுச் சட்டமே வழி விட்டிருக்கிறது. மாறும் வட்டியில் சுமை கடனாளியின் தலையில் இருக்கிறது. அது எவ்வளவு கனமானது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம்.

7 சதவீத வட்டியில் 30 லட்சம் ரூபாய், 20 ஆண்டு, மாதத் தவணை 23,259 ரூபாய். ஓர் ஆண்டு தவறாமல் கட்டினால் பாக்கி 29 லட்சத்து 28 ஆயிரத்துச் சொச்சமாக இறங்கும். 2022 மே மாதத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள், ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ விகிதம் 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதத்துக்கு ஏறியது. 2019 அக்டோபருக்குப் பிறகு வாங்கிய கடன்களில் பெரும்பாலானவை ரெப்போவோடு கட்டப்பட்டவை. கணக்கின் எளிமைக்காக அந்த 2.5 சதவீத உயர்வு முழுவதும் ஒரே நாளில் வந்ததாகக் கொள்வோம். 9.5 சதவீதத்தில் அடுத்த மாத வட்டி மட்டும் 23,185 ரூபாய். பழைய தவணையே தொடர்ந்தால் அசலுக்குப் போவது 74 ரூபாய். அந்த வேகத்தில் கடன் முடிய இன்னும் 60 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். எந்த வங்கியும் அவ்வளவு காலம் விடாது, தவணையை ஏற்றும். ஆனால் கடனாளியின் ஓய்வு வயது வரை காலத்தை நீட்ட முடிகிற வரையில் நீட்டிவிட்டு, அதன் பிறகே தவணையைத் தொடுவது பரவலான வழக்கமாக இருந்தது. வங்கிக் கணக்கிலிருந்து போகும் தொகை மாறாததால், கெடு நகர்ந்துபோனதைக் கடனாளி கவனிப்பதில்லை. ஆண்டு முடிவில் வரும் கடன் அறிக்கையில் 'மீதித் தவணைகள்' என்ற கட்டத்தை எத்தனை பேர் போன ஆண்டு அறிக்கையோடு வைத்துப் பார்க்கிறோம்?

இதே கடனைப் பழைய கெடுவிலேயே, மீதி 228 மாதங்களில் முடிக்க வேண்டுமானால் இரண்டு வழிகள்தான். தவணையை 27,788 ரூபாயாக ஏற்ற வேண்டும். அல்லது பழைய தவணையை வைத்துக்கொண்டு ஏறத்தாழ 4 லட்சத்து 77 ஆயிரம் ரூபாயை மொத்தமாகக் கட்ட வேண்டும். 2023 ஆகஸ்ட் 18 சுற்றறிக்கையில் ரிசர்வ் வங்கி இதை ஏற்றுக்கொண்டது. வட்டி மாறும்போது தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் சேர்த்தா, பகுதியோ முழுவதுமோ முன்கூட்டி அடைப்பதா என்று கடனாளியிடம் கேட்க வேண்டும் என்றது. இங்கே முன்கூட்டி அடைப்பது கூடுதல் சிக்கனம் அல்ல. வாக்களித்த இருபது ஆண்டை இருபது ஆண்டாக வைத்திருப்பதற்கான விலை.

வட்டிக் கணக்கிலும் ஊன்றிப்போன ஒரு தவறைத் திருத்த வேண்டியிருக்கிறது. "வங்கி முதலில் வட்டியை எல்லாம் எடுத்துக்கொள்கிறது, பாதிக் காலம் போன பிறகு அடைத்து என்ன பயன்?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். 8.5 சதவீதத்தில் 30 லட்சம் கடனுக்குத் தவணை 26,035 ரூபாய். முதல் மாதம் வட்டிக்கு 21,250, அசலுக்கு 4,785. அசலுக்குப் போவது வட்டியை முந்துவதற்கு ஏறத்தாழ 12 ஆண்டு ஆகிறது. இதைப் பார்க்கும் எவருக்கும் அந்த எண்ணம் வருவது இயல்பே. ஆனால் வங்கி எந்த மாதமும் அந்த மாதப் பாக்கிக்கான வட்டியைத்தான் எடுக்கிறது. முதலாண்டு முடிவில் 1 லட்சம் கூடுதலாகக் கட்டினால் கடைசியில் 18 தவணை குறையும், வட்டியில் 3 லட்சத்து 70 ஆயிரம் மிச்சம். 15ஆம் ஆண்டு முடிவில் அதே 1 லட்சத்தைக் கட்டினால் மிச்சம் 50 ஆயிரம்தான். முன்னதில் பணம் 18 ஆண்டுக்கு மேல் வேலை செய்தது, பின்னதில் 5 ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக. இரண்டிலும் அது ஈட்டியது அதே 8.5 சதவீதம். பெரிய தொகையைக் காட்டி அவசரப்படுத்துபவரும், காலம் கடந்துவிட்டது என்று கைவிடுபவரும் ஒரே பிழையைச் செய்கிறார்கள்.

அந்த 8.5 சதவீதம் உறுதியானது, அதற்கு வரியும் இல்லை. 7 சதவீத வைப்புநிதியில் போட்டால், 30 சதவீத வரிப் படியில் இருப்பவருக்கு மேல்வரியும் போக நிற்பது 4.8 சதவீதம். வீட்டுக்கடன் வரிச் சலுகையால் மலிவானது, அதை அடைக்காதே என்ற அறிவுரை பழைய வரி முறையில் பிறந்தது. சொந்தக் குடியிருப்புக்கான வட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை அம்முறையில் கழித்துக்கொள்ளலாம். மேலே சொன்ன கடனுக்கு முதலாண்டு வட்டியே 2 லட்சத்து 53 ஆயிரம்; வரம்புக்கு மேல் உள்ள 53 ஆயிரத்துக்குச் சலுகை எதுவும் இல்லை. பாக்கி ஏறத்தாழ 24 லட்சத்துக்குக் கீழே இறங்கும் வரை, கூடுதலாகக் கட்டும் பணத்தால் அந்த ஆண்டுகளில் இழக்கும் சலுகை ஒரு ரூபாயும் கிடையாது. 2023-24 நிதியாண்டிலிருந்து இயல்பு முறையாகிவிட்ட புதிய வரி முறையில் இந்தக் கழிவே இல்லை. அறிவுரை மட்டும் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

பங்குச் சந்தை நீண்ட காலத்தில் இதைவிடக் கூடுதலாகத் தரலாம் என்பது உண்மை. ஆனால் தரலாம் என்பதையும் தரும் என்பதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. இதைவிட வலுவான மறுப்பு வேறொன்று. கடனில் கட்டிய பணம் சுவருக்குள் போன பணம். மறுமாதம் மருத்துவமனையில் சேர நேர்ந்தால் வங்கி அதை எடுத்துத் தராது. வளையலை அடகு வைத்தோ, 14 சதவீதத்தில் தனிநபர் கடன் வாங்கியோ சமாளிப்பவர், 8.5 சதவீதக் கடனை அடைத்ததால் நட்டப்பட்டவர். இந்த மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆறு மாதச் செலவுக்கான கையிருப்பும் மருத்துவக் காப்பீடும் இல்லாத குடும்பம் ஒரு தவணைகூட முன்கூட்டிக் கட்டக் கூடாது. தேவைப்பட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடிய ஓவர்டிராஃப்ட் முறை வீட்டுக்கடன் இந்தச் சிக்கலை ஓரளவு தீர்க்கிறது. பகுதித் தொகை கட்டுபவர் தவணையைக் குறைக்க வேண்டுமா, காலத்தைக் குறைக்க வேண்டுமா என்பதை எழுத்தில் கொடுப்பதும் அவசியம். தவணை குறைந்தால் மாதச் செலவுக்கு மூச்சு விடலாம், கெடு நின்ற இடத்திலேயே நிற்கும்.

உரிமைக்குத் திரும்புகிறேன். பத்திரத்தை ஒப்படைத்து அடமானம் வைக்கும் முறைக்கு 1882ஆம் ஆண்டுச் சட்டம் பெயர் சொல்லி இடம் கொடுத்த நகரங்களில் சென்னையும் ஒன்று. இன்று சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுத்தால் அந்த ஒப்படைப்பு ஒரு வரியாக நிற்கும். கடன் தீர்ந்ததைச் சொல்லும் வரி, அதற்கான ரசீது பதிவான பிறகே கீழே வரும். ஆவணங்களைத் திருப்பித் தரவும், பதிவான அடமானமாக இருந்தால் தீர்ந்ததைப் பதிவு செய்து தரவும் 60ஆம் பிரிவு அன்றே கட்டளையிட்டிருக்கிறது. அதற்கு நாள் குறிக்கவில்லை. 2023 செப்டம்பரில்தான் ரிசர்வ் வங்கி 30 நாள் என்று வரையறுத்து, வங்கி தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் கடனாளிக்குத் தர வேண்டும் என்றது. நெறிமுறையைப் பிறப்பித்தவர்களே நாளை அதைத் திருத்தவும் கூடும். ரிசர்வ் வங்கியின் ஆளுகைக்குள் வராத தனியாரிடம் பத்திரத்தை வைத்தவருக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. அசல் செலுத்த வேண்டிய நாள் வந்த பிறகு என்ற சொற்களோடு, வட்டி மாறக்கூடிய அடமானமாக இருந்தால் அந்த நாளுக்கு முன்பும் என்று சேர்க்க 60ஆம் பிரிவில் ஒரு வரி போதும்.