விச்சரும் விஞ்சையனும்

'தி விட்சர்' தொடரை அக்கா மகன் 'விச்சர்' என்றுதான் சொல்வான். 2019 டிசம்பர் 20, வெள்ளிக்கிழமை, நெட்பிளிக்சில் அந்தத் தொடர் வெளியான அன்று, "மாமா, கேம் ஆடாம பாத்தா ஒண்ணும் புரியாது" என்று எச்சரித்துவிட்டு என்னையும் பக்கத்தில் உட்காரவைத்தான். சேற்று நீரிலிருந்து சிலந்திக்கால் பூதம் ஒன்று எழுகிறது. வெள்ளை முடிக்காரன் ஒருவன் அதனோடு புரண்டு மல்லுக்கட்டுகிறான். கண் இரண்டும் வெள்ளைவிழி தெரியாமல் மையாய்க் கறுத்திருக்கின்றன. எட்டுப் பகுதியும் முடித்தபோது ஞாயிறு விடிந்துவிட்டது. அவனுக்குச் சண்டை பிடித்தது. என்னை அந்தப் பெயர் பிடித்துக்கொண்டது.

'விச்சர்' என்றதும் தமிழ் படித்தவன் காதில் 'விச்சை' விழாமல் இராது. வடமொழி வித்யா, பாலியில் விஜ்ஜா. நம்மிடம் வித்தை, விச்சை, விஞ்சை என்று மூன்று உருவம். மந்திரம் அறிந்தவன் விச்சைக்காரன், பேய் வேட்டையாடுகிறவன் விச்சர். பழைய ஆங்கிலத்தைப் புரட்டினால் ஆசை இன்னும் கூடும்: சூனியக்காரனுக்கு 'விச்சா', சூனியக்காரிக்கு 'விச்சே'. இரண்டு நாள் இந்தக் கண்டுபிடிப்பில் மிதந்தேன். பிறகு அகராதிகள் என்னைக் கீழே இறக்கிவிட்டன. 'விட்ச்' என்ற அந்தச் சொல்லின் வேர் எது என்பதில் இன்றுவரை ஒருமித்த முடிவில்லை. அறிவைக் குறிக்கும் வேரோடு அதை முடிச்சுப்போடுவதைப் பெரும்பாலோர் ஒப்புவதில்லை.

அந்தப் பெயர் ஆங்கிலத்தில் பிறந்ததும் இல்லை. விளையாட்டில் பிறந்ததும் இல்லை. மருமகப்பிள்ளைக்கு இதை ஒத்துக்கொள்ள ஒரு வாரம் ஆனது. ஆந்த்ஜெய் சப்கோவ்ஸ்கி போலந்தின் வூட்ஜ் நகரத்துக்காரர், பொருளாதாரம் படித்தவர், கம்பளித்தோல் வியாபாரத்தில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தவர். 38 வயதில் 'ஃபான்டாஸ்டிகா' இதழின் சிறுகதைப் போட்டிக்கு ஒரு கதை அனுப்பினார். மூன்றாம் பரிசு. 1986 டிசம்பர் இதழில் வந்த அந்தக் கதையின் தலைப்பு 'வியெஜ்மின்'. நாட்டுப்புறக் கதைகளில் ஏழைச் செருப்புத் தைப்பவர் பூதத்தைக் கொல்வது அவருக்கு ஒட்டவில்லை. செருப்புத் தைப்பவருக்குத் தெரிந்தது செருப்பு. பூதத்துக்கு அந்தத் தொழில் தெரிந்தவன் வேண்டும் என்பது அவர் வாதம்.

'தெரிந்தவன்' என்பதுதான் பெயரின் உட்பொருளும். போலந்து மொழியில் சூனியக்காரி 'வியெஜ்மா'. அதன் ஆண்பாலாக அவர் வழக்கில் கொண்டுவந்தது 'வியெஜ்மின்'. வேர்ச்சொல் 'வியெஜெச்', அறிதல். வார்சாவில் யாரிடமாவது வழி கேட்டுப் பாருங்கள்: தெரிந்தால் 'வியெம்' என்பார், தெரியாவிட்டால் 'நியெ வியெம்' என்பார். அதே வேர்தான். மூலிகை தெரிந்தவள், பிரசவம் தெரிந்தவள், மற்றவர்க்குத் தெரியாததும் தெரிந்தவள் என்று ஏறி ஏறி, ஊர் பயப்படும் வியெஜ்மாவாக நின்றுவிட்டாள். ரஷ்ய மொழியில் அவள் 'வேத்மா', ஆண் 'வேத்மாக்'. இந்த ஸ்லாவிய 'வேத்'தும் வடமொழி 'வித்', 'வேதம்' இரண்டும் ஓர் இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்தவை. இதில் மொழியியலாரிடையே சண்டையே கிடையாது. காதுக்கு நெருங்கி ஒலித்த விச்சர் உறவில்லை. எட்ட நின்ற வியெஜ்மின் வித்தைக்கு ஒன்றுவிட்ட சகோதரன்.

ஆங்கிலத்துக்குப் போகிற வழியில்தான் இந்த அறிவு தொலைந்தது. 2001இல் போலந்தில் எடுத்த திரைப்படத்துக்கு ஆங்கிலப் பெயர் 'ஹெக்ஸர்'. ஜெர்மன் மொழிபெயர்ப்பிலும் அதேதான். 1990களில் பாதியில் நின்றுபோன ஒரு விளையாட்டுக்காக 'விட்சர்' என்ற ஆங்கிலப் பெயரை யோசித்தவர் தானே என்கிறார் அத்ரியான் ஹ்மியெலாஷ் என்ற விளையாட்டு வடிவமைப்பாளர். 2007இல் சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனத்தின் முதல் விளையாட்டு அந்தப் பெயரோடு வந்தது. அதே ஆண்டு வந்த ஆங்கில நூலும் அதையே எடுத்துக்கொண்டது. இதில் ஒரு வேடிக்கை. அமெரிக்கக் கிராமங்களில் 'விட்சர்' என்றொருவர் முன்பே இருந்தார். போர்வெல் போடுமுன் நம் ஊரில் வேப்பங்கவட்டையோ தேங்காயோ ஏந்தி நீரோட்டம் பார்க்கிறாரே, அவரேதான்.

இத்தாலியர் செய்தது இன்னும் வேடிக்கை. அவர்கள் வியெஜ்மினை 'ஸ்ட்ரிகோ' ஆக்கினார்கள். கதையில் அவன் எதிர்கொள்ளும் பேய் 'ஸ்ட்ஷிகா'. இரண்டுமே ஆந்தையைக் குறித்த ஒரு லத்தீன் சொல்லின் பேரப்பிள்ளைகள். வேட்டைக்காரனுக்கும் பேய்க்கும் ஒரே குலப்பெயர்!

தொடரின் மூன்றாம் பகுதி அந்த ஸ்ட்ஷிகாவைப் பற்றியது; 1986இல் பரிசு பெற்ற கதையும் அதுதான். சாபத்தால் பேயாய்ப் பிறந்த ஓர் இளவரசி. ஓர் இரவு முழுக்க அவள் தன் கல்லறைப் பெட்டிக்குத் திரும்பாமல் பார்த்துக்கொண்டால் சாபம் தீரும். நம் வெள்ளை முடிக்கார வியெஜ்மின் கெரால்ட் இரவெல்லாம் அடிபட்டு, கடைசியில் அவளுடைய பெட்டிக்குள் தானே படுத்து மூடியை இழுத்துக்கொள்கிறான். கூலிக்குக் கொல்ல வந்தவன் கொல்லாமல் முடிக்கிறான், எப்படித் தீர்ப்பது என்று தெரிந்ததால். கெரால்டாக நடித்த ஹென்றி கேவில் விளையாட்டுக்கே அடிமையாய்க் கிடந்து இந்த வேடத்தைத் தேடிப் போனவர். நான் முதல் பருவத்தை மூன்று முறை பார்த்ததற்கு அவருடைய வாள்வீச்சும் ஒரு காரணம்தான். ஆனால் பெட்டிக்குள் படுக்கும் அந்த ஒரு நிமிடத்தில் 'வியெஜ்மின்' என்ற பெயர் முழுசாக இருக்கிறது.

தமிழில் இவனை என்ன பெயரிட்டு அழைக்கலாம்? முதலில் வாயில் வருவது சூனியக்காரன். சூனியம் என்றால் வெறுமை. அறிந்தவனை ஒன்றுமில்லாதவன் ஆக்குவது பெரிய அநியாயம். வேரின்படி வித்தைக்காரன் சரி. ஆனால் குரங்கு வித்தை, கயிற்று வித்தை என்று அந்தச் சொல் தெருமுனையில் தட்டேந்தப் போய்விட்டது. மிச்சம் விஞ்சையன். மணிமேகலையில் காஞ்சனன் ஒரு விஞ்சையன். வானில் செல்லும் மந்திரம் தெரிந்தவன், கையில் வாள். சாபத்தால் தீராப்பசி கொண்ட மனைவி காயசண்டிகையைத் தேடி வருகிறான். அவள் உருவத்தில் இருப்பவள் மணிமேகலை என்று தெரியாமல், பின்தொடர்ந்து வந்த இளவரசன் உதயகுமாரனை இருட்டில் வெட்டிப்போடுகிறான். உண்மையைத் தூணிலிருக்கும் கந்திற்பாவைதான் சொல்ல வேண்டியிருக்கிறது. சாபம், பசி, வாள், ஆள்மாறாட்டம் என்று எதற்கும் குறைவில்லை. சப்கோவ்ஸ்கி எழுதியிருந்தால் ஒரு பகுதிக்குக் காணும்.

யாராவது இந்தக் கதைகளைத் தமிழில் கொண்டுவருவதாக இருந்தால், தயவுசெய்து 'சூனியக்காரன்' என்று அட்டையில் போட்டுவிடாதீர்கள். 'விஞ்சையன்' என்று போடுங்கள். அக்கா மகனுக்கும் சொல்லிவிட்டேன். 'விச்சர்' என்பதை விடுவதாக அவன் இல்லை.