கழிவுக் கணக்கு

2022 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு நாள், இறக்குவானைப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் தொலைபேசியில் அழைத்தார். நலம் விசாரித்து முடித்ததும், "ஐயா, பெட்டி ஒட்டுகிற டேப், ஒரு பெட்டிக்கு எத்தனை கிராம் வரும்?" என்று கேட்டார். பத்திரிகைத் தொழிலில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்துவிட்டேன். எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். இப்படி ஒரு கேள்வி அதுவரை வந்ததில்லை.

அவருடைய பாட்டியை எனக்குத் தெரியும். 1970களின் பிற்பகுதியில் சப்ரகமுவத் தோட்டங்களுக்குச் செய்தி சேகரிக்கச் சென்ற நாள்களில் அவர்கள் லயத்து வாசலில் அமர்ந்து தேநீர் குடித்திருக்கிறேன். அந்த அம்மையார் கொழுந்து பறித்தவர். பேரன் கணினி படித்தவர். அவரும் மனைவியுமாகக் கறுவா, கராம்பு, ஏலம், மிளகு ஆகியவற்றை நூறு கிராம் பொதிகளாகக் கட்டி, இணையச் சந்தையொன்றின் ஊடாக வெளிநாடுகளுக்கு விற்று வந்தார்கள். தேயிலைச் சபையில் பதிவு பெற்றுத் தேயிலையும் அனுப்பினார்கள். வாங்கியவர்களிற் பெரும்பாலோர் ஜேர்மனியில் வாழ்பவர்கள். 1983க்குப் பின் அங்கு சென்று குடியேறிய நம்மவர்களும் அவர்களுடைய அயலவர்களும்.

அந்த ஜூலை எப்படிப்பட்ட மாதம் என்பது வாசகர்களுக்கு நினைவிருக்கும். எரிபொருள் வரிசையில் மனிதர் மயங்கி விழுந்தார்கள். ஜனாதிபதி நாட்டை விட்டு ஓடினார். ஒரு டொலரேனும் உள்ளே வராதா என்று நாடே ஏங்கிய நேரம். அப்போதுதான் அந்த இணையச் சந்தை அவருக்கு ஓர் அறிவித்தல் அனுப்பியிருந்தது: ஜேர்மனியின் பொதிப் பதிவேட்டு இலக்கத்தைத் தராதவர்கள் ஜூலை 1 முதல் அந்நாட்டுக்கு விற்பனை செய்ய இயலாது.

விடயம் இதுதான். ஜேர்மனியில் 2019 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் பொதியிடற் சட்டத்தின்படி, வீட்டில் குப்பையாக முடியும் எந்தப் பொதியையும் அந்நாட்டுச் சந்தையில் முதலில் இடுபவர் எவரோ அவர் 'லூசிட்' என்ற பொதுப் பதிவேட்டில் தம் பெயரைப் பதிய வேண்டும். ஒஸ்னாபுருக் நகரிலுள்ள மத்திய அலுவலகம் அதை நடத்துகிறது. பதிவு இலவசம். ஆனால் அத்தோடு முடிவதில்லை. குப்பையைச் சேகரித்து மீள்சுழற்சி செய்யும் நிறுவனங்களுள் ஒன்றுடன் ஒப்பந்தம் செய்து, ஆண்டில் எத்தனை கிலோ அட்டை, எத்தனை கிலோ பிளாஸ்டிக், எத்தனை கிலோ கண்ணாடி அனுப்பினோம் எனக் கணக்குக் காட்டிக் கட்டணம் செலுத்த வேண்டும். உள்ளுறை, வெளிப்பெட்டி, இடைவெளி நிரப்பும் காகிதம், ஒட்டும் டேப் அனைத்தும் கணக்கில் சேரும். பதிவு செய்யாதவருக்கு ஒரு இலட்சம் யூரோ வரையும், கட்டணத் திட்டத்தில் சேராதவருக்கு இரண்டு இலட்சம் யூரோ வரையும் தண்டம் விதிக்கலாம். இணையச் சந்தைகள் தம் விற்பனையாளரின் பதிவைச் சரிபார்க்க வேண்டும் என்ற விதி 2022 ஜூலை 1இல் வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. குறைந்தபட்ச அளவு என்று ஒன்று அந்தச் சட்டத்தில் இல்லை. ஆண்டுக்கு ஒரு பொதி அனுப்பினாலும் கடமை கடமைதான். பிரித்தானியாவின் புதிய விதிகளோ, ஆண்டு வருமானம் பத்து இலட்சம் பவுணையும் பொதியின் அளவு 25 தொன்னையும் எட்டாத நிறுவனத்தை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. வெளிநாட்டுச் சிறு வணிகர் அனுப்பும் பொதிக்கான பொறுப்பைப் பெரும் இணையச் சந்தைகளின் தலையிலேயே வைக்கின்றன. ஜேர்மனியர் தங்கள் சட்டத்தை எல்லோருக்கும் ஒரே நிறையில் எழுதினார்கள். அவர்களைக் குறைகூற மாட்டேன். 1991 இல், கிளவுஸ் டொப்பர் சுற்றாடல் அமைச்சராக இருந்தபோது, பொதியை விற்றவனே அதன் குப்பைக்கும் பொறுப்பு என்ற கொள்கையை உலகில் முதன்முதலாக விரிவான சட்டமாக்கியவர்கள் அவர்கள். பொதிகளில் நாம் கண்ட அந்தப் பச்சைப் புள்ளி அப்போது பிறந்ததுதான். கொள்கை நியாயமானது. அதன் பாரம் எவர் தோளில் இறங்குகிறது என்பதே கேள்வி.

இந்தக் கேள்வி சப்ரகமுவைக்குப் புதிதன்று.

இலங்கைத் தேயிலை 1873 இல் 23 இறாத்தலாக இலண்டனுக்குப் போன நாள் முதல், எதில் கட்டி அனுப்புவது என்பதை வாங்குபவர்களே தீர்மானித்து வந்தார்கள். தேயிலைக்கு ஈரமும் ஆகாது, வேற்று மணமும் ஆகாது. ஆகவே மரப்பெட்டி, அதற்குள் ஈயத் தகடு, பிற்காலத்தில் அலுமினியத் தாள். உள்ளூர் மரங்கள் பலவற்றில் மணமோ பிசினோ இருந்தமையால் ஜப்பானிலிருந்து மோமி மரப் பலகை வந்தது. பிறகு பால்டிக் கடலோரத்து எஸ்தோனியாவிலிருந்து ஒட்டுப்பலகை வந்தது. வெனெஸ்டா என்ற புகழ்பெற்ற பெட்டியின் பெயரே ஒட்டுப்பலகைத் தகட்டுக்கான ஆங்கிலச் சொல்லையும் எஸ்தோனியாவையும் சேர்த்து ஆக்கியதுதான். எங்கோ வளர்ந்த மரம் கப்பலேறி வந்து, தோட்டத்து ஸ்டோரில் தூள் நிரம்பி, மறுபடி கப்பலேறிப் போனது.

இரப்பர்க்காரர்கள் ஒரு விதத்தில் கெட்டிக்காரர்கள். கேகாலை மாவட்டத்தில் இரப்பர் அதிகம். அதையும் தொடக்கத்தில் மரப்பெட்டியில்தான் அனுப்பினார்கள். மரச்சிராய் இரப்பரில் ஒட்டிக்கொள்கிறது என்ற முறைப்பாடு எழுந்ததும், இரப்பர்த் தகடுகளை அழுத்திக் கட்டி, இரப்பர்த் தகட்டாலேயே சுற்றி அனுப்பும் வழக்கம் வந்தது. உறையே சரக்கு, குப்பை என்று ஒன்றுமில்லை. தேயிலையைத் தேயிலையால் சுற்ற முடியாதே!

இரண்டாம் உலகப் போரில் கப்பல் வழிகள் அடைபட்டபோது பெட்டிப் பஞ்சம் வந்தது. காலிக்கு அருகே கின்தோட்டையில் அரசாங்கம் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை அமைத்தது அக்காலத்தில்தான். சுதந்திரத்தின் பின் அது கூட்டுத்தாபனமாயிற்று. அவிசாவளைப் பக்கம் கொஸ்கமையில் இன்னொரு பெரிய ஆலையும் எழுந்தது. தேவையின் அளவைச் சொல்கிறேன்: அந்நாளில் நாடு ஆண்டுக்கு ஏறத்தாழ 20 கோடி கிலோ தேயிலை ஏற்றுமதி செய்தது. பெட்டிக்கு 50 கிலோ என்று வைத்தாலும் 40 இலட்சம் பெட்டிகள். அத்தனைக்கும் மரம் எங்கே?

கொஸ்கமை ஆலைக்கான மரத்தைச் சிங்கராஜ வனத்தில் எடுப்பது என்று முடிவாயிற்று. இரத்தினபுரி, காலி, மாத்தறை, களுத்துறை மாவட்டங்கள் சந்திக்கும் இடத்திலே, உலகில் வேறெங்குமில்லாத மரங்கள் நிறைந்த மழைக்காடு அது. கனடாவின் உதவியோடு 1970களின் தொடக்கத்தில் இயந்திரங்கள் உள்ளே சென்றன. நான் அப்போது இளைஞன். தேயிலைத் தோட்டங்களுக்காக மலைக்காடுகள் அழிக்கப்பட்ட கதையைப் படித்திருந்தேன். தேயிலைப் பெட்டிக்காக எஞ்சிய காடும் போகிறது என்பதைக் கொழும்பில் எவரும் உரக்கச் சொல்லவில்லை. சொன்னவர்கள் வனவிலங்கு, இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தாரும் சில அறிஞர்களும்தாம். எதிர்ப்பு வலுத்து 1977 இல் மரம் வெட்டுவது தடை செய்யப்பட்டது. 1978 இல் யுனெஸ்கோ அதனை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. 1988 இல் அது உலக மரபுரிமை ஆயிற்று. களவானைப் பக்கமாகக் குடாவை வாயிலால் உள்ளே செல்லும் சுற்றுலாப் பயணிகள் இன்று நடந்து போவது, அன்று மரம் ஏற்ற லொறிகளுக்காக வெட்டிய பாதையிலேதான்.

ஒட்டுப்பலகைப் பெட்டிக்காகவும் ஒரு சொல் சொல்ல வேண்டும். அது குப்பையாகவில்லை. இங்கிலாந்தில் வெற்றுத் தேயிலைப் பெட்டி இல்லாமல் வீடு மாறியவர்கள் குறைவு. 1950களில் அதில் ஒரு கம்பும் கயிறும் கட்டி இசைக்கருவியாக்கிய இளைஞர் கூட்டங்களும் இருந்தன. இங்கே, ஒதுக்கப்பட்ட பெட்டி லயத்து அறையில் அலமாரியாயிற்று, தொட்டிலாயிற்று. 1964 ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையின் பின் தலைமன்னார்ப் படகுக்குப் போன குடும்பங்கள் சில, தம் வாழ்நாள் உடைமையை அப்படி ஒரு பெட்டியில் அடைத்துச் சென்றதைக் கண்ணால் கண்டேன். பெட்டியின் பக்கத்தில் தோட்டத்தின் பெயரும், மொத்த நிறையும், வெறும் பெட்டியின் நிறையும், நிகர நிறையும் கறுப்பு மையில் அப்படியே இருந்தன.

வெறும் பெட்டியின் நிறை! இரத்தினபுரி அம்மையார் எனக்குச் சொன்ன முதல் குறையே அதுதான். தேயிலைப் பெட்டியைப் பற்றியல்ல, கொழுந்துக் கூடையைப் பற்றி. கொழுந்து மடுவத்தில் தராசு நிற்கும். கணக்கப்பிள்ளை நிறையைப் படிப்பார். கூடைக்கென்று இத்தனை, மழை ஈரத்துக்கென்று இத்தனை என்று கழித்துத்தான் துண்டில் எழுதுவார். கூடை போய் மெல்லிய நைலோன் பை வந்த பிறகும் கழிப்பது மட்டும் குறையவில்லை என்பது தொழிற்சங்கக் கூட்டங்களில் நான் கேட்டுக் கேட்டுப் பழகிய முறைப்பாடு. இன்று நாட்டின் தேயிலையில் 70 வீதத்துக்கு மேல் தருகிற சிறுதோட்ட உடைமையாளரும் ஆலைக்குக் கொழுந்து நிறுக்கும்போது இதையே சொல்கிறார்கள். கழிவு என்ற சொல்லுக்குத் தமிழில் குப்பை என்றும் பொருள், கணக்கில் பிடித்துக்கொள்வது என்றும் பொருள். தோட்டத்தில் அந்த இரண்டாவது பொருள்தான் வழக்கு.

பேரனின் கதைக்கு வருகிறேன். கடந்த நூற்றாண்டின் கடைசி இரு தசாப்தங்களில் கொள்கலனும் பலபடைக் காகிதப் பையும் வந்து மரப்பெட்டியை ஒழித்தன. மொத்தப் பையில் அனுப்பினால் இலாபம் இலண்டனுக்கும் ஹம்பேர்க்குக்கும்தான் போகும், இங்கேயே சிறு பொதியாகக் கட்டி நம் பெயரோடு விற்க வேண்டும் என்று எல்லா அரசாங்கங்களும் ஐம்பது ஆண்டுகளாக உபதேசித்து வந்தன. தேயிலைச் சபையின் சிங்க இலச்சினையும் இலங்கையில் பொதி செய்த தூய இலங்கைத் தேயிலைக்கே உரியது. அவர் செய்தது அந்த உபதேசப்படியான வேலை. அதன் பலன்: கொழும்பு ஏலத்தில் வாங்கிக் கொள்கலன் கணக்கில் மூட்டையாக அனுப்பும் பெரிய கம்பனி, அங்குள்ள வீடுகளின் குப்பைக்குக் கணக்குக் காட்டுவதில்லை. அதைப் பிரித்துப் பொதியிடும் அந்நாட்டு வணிகர் காட்டுவார். நூறு கிராமாகக் கட்டி நேரே வீட்டு வாசலுக்கு அனுப்புகிறவர் தாமே காட்ட வேண்டும்.

இதை எழுதும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 2017 க்கும் 2019 க்கும் இடையில் பிரித்தானியாவிலிருந்து பழைய மெத்தை, கம்பளம் என்ற பெயரில் வந்த கொள்கலன்களில் மருத்துவமனைக் கழிவும் இருந்தது தெரியவந்து, நீதிமன்றம் வரை போய், 2020 செப்டம்பரில் திருப்பி அனுப்பத் தொடங்கினோம். கடைசித் தொகுதி போனது 2022 பெப்ரவரியில். இருநூற்றுக்கு மேற்பட்ட கொள்கலன்கள். அவற்றை அனுப்பியவர்கள் எவரிடமும் ஒட்டும் டேப்பின் கிராம் கணக்கை எவரும் கேட்டதாக நான் அறியேன்.

இளைஞர் பதிவு செய்தார். ஜேர்மனியிலுள்ள ஒரு வாடிக்கையாளர் விண்ணப்பத்தைத் தமிழில் விளக்கினார். வந்த கட்டணம் சில பத்து யூரோக்கள். அன்றைய நாணய மாற்றில், நாளுக்கு ஆயிரம் ரூபா என்று 2021 இல் வர்த்தமானியில் அறிவித்த தோட்டச் சம்பளத்தில் ஏறத்தாழ இரண்டு வார உழைப்பு. பணத்தை விட அவரைத் திணறடித்தது நிறுவைதான். சமையலறைத் தராசில் பத்து வெற்றுப் பெட்டியை ஒன்றாக வைத்து நிறுத்துப் பத்தால் பிரித்தார். டேப்புக்கும் அதே முறை. சில மாதங்களில் பிளாஸ்டிக் உறையை விட்டுக் காகித உறைக்கு மாறினார், பெட்டியைச் சிறிதாக்கினார். சட்டம் எதை எதிர்பார்த்ததோ அதை அவர் செய்தார் என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்கிறேன்.

சென்ற முறை பேசியபோது அவர் கேட்டது தேநீர்ப் பையைப் பற்றி. 2004 இல் ஐரோப்பிய ஒன்றியம் தன் பொதியிடற் பணிப்புரையைத் திருத்தியபோது, பொதி அல்லாதவை என்ற பட்டியலில் தேநீர்ப் பையைச் சேர்த்திருந்தது. 2025 பெப்ரவரி 11 இல் வலுவுக்கு வந்த புதிய ஒழுங்குவிதி அதைப் பொதி என்கிறது. பொது நடைமுறைக்கு 2026 ஓகஸ்ட் 12 ஐயும், தேநீர்ப் பைகள் தொழில்முறையில் உரமாக்கத்தக்கனவாக இருக்க வேண்டும் என்பதற்கு 2028 பெப்ரவரி 12 ஐயும் நாளாகக் குறித்திருக்கிறது. தாம் வாங்கும் பையின் காகிதத்தை ஒட்டியிருப்பது என்ன என்று விற்றவரிடம் கேட்டிருக்கிறார், அவருக்கே தெரியவில்லையாம்.

"அப்போ என்ன செய்யப் போகிறீர்கள்?" என்றேன்.

"பை வேண்டாம் ஐயா. தூளாகவே அனுப்புகிறேன். பாட்டியும் அப்படித்தானே குடித்தார்கள்."