வலே: தச்சு மேசையின் இரும்பு வேலைக்காரன்

ஒரு பலகையை இழைப்புளியால் இழைக்க இரண்டு கைகளும் தேவை. உளியால் துளை போடுவதென்றால் ஒரு கை உளியைப் பிடிக்கும், மறு கை கொட்டாப்புளியை ஓங்கும். அப்படியானால் பலகையைப் பிடிப்பது யார்? உலகின் எல்லா நாட்டுத் தச்சர்களும் சந்தித்த கேள்வி இது. ஐரோப்பியத் தச்சர்கள் கண்டுபிடித்த விடைகளில் மிகப் பழையதும் மிக எளியதுமான ஒன்றின் பெயர் ஹோல்டுபாஸ்ட்.

முதலிலேயே ஒரு குழப்பத்தைத் தீர்த்து விடலாம். கட்டட வேலையில் ஹோல்டுபாஸ்ட் என்றால் கதவு நிலையைச் சுவரோடு பிணைக்கும் இரும்புப் பட்டை. இங்கே பார்க்கப் போவது அதுவல்ல. ஒரு குடையின் கைப்பிடி மேலே இருக்கும்படி நிறுத்திப் பாருங்கள். நேரான தண்டு, மேலே வளைந்து பக்கவாட்டில் இறங்கும் கை. அந்தக் கையின் நுனியைத் தட்டையாக்கி, முழுவதையும் ஒரே இரும்பில் செய்தால் அதுதான் தச்சரின் ஹோல்டுபாஸ்ட். தண்டை மேசையில் உள்ள துளையில் விட்டு, வளைந்த கையைப் பலகை மேல் வைத்து, தலையில் ஒரு அடி. பலகை அசையாது! பின்பக்கத்தில் ஒரு தட்டு. பலகை விடுதலை! திருகாணி இல்லை, ஸ்பிரிங் இல்லை, சுழற்றும் கைப்பிடியும் இல்லை.

இவ்வளவு எளிய கருவியைப் பெரும்பாலான நாடுகளின் தச்சர்கள் கடந்த நூற்றாண்டில் கிட்டத்தட்ட மறந்தே போனார்கள். பிறகு அது திரும்பி வந்தது. அது மறைந்த கதையும் மீண்ட கதையும் ஒரு கருவியின் கதை மட்டும் அல்ல. கைத்தொழில் அறிவு எப்படி வாழ்கிறது, எப்படிச் சாகிறது என்பதன் கதையும் கூட.

எரிமலைக்கு அடியில் ஒரு மேசை

கி.பி. 79ஆம் ஆண்டு இத்தாலியில் வெசுவியஸ் எரிமலை வெடித்து பாம்பேய், ஹெர்குலேனியம் ஆகிய நகரங்களைப் புதைத்தது நாம் அறிந்ததே. 18ஆம் நூற்றாண்டில் ஹெர்குலேனியத்தைத் தோண்டியபோது கிடைத்த சுவரோவியங்களில் ஒன்றில், சிறகு முளைத்த குழந்தைகள் தச்சு வேலை செய்கிறார்கள். இருவர் ரம்பத்தால் மரம் அறுக்கிறார்கள். அவர்கள் அறுக்கும் தாழ்வான மேசையில் துளைகள் இருக்கின்றன. ஒரு துளையில் வளைந்த இரும்பு ஒன்று செருகப்பட்டிருக்கிறது!

இந்த ஓவியத்தின் அச்சுப் படம் 1757இல் நேப்பிள்ஸில் வெளியான ஹெர்குலேனியம் தொல்பொருள் நூல் வரிசையின் முதல் தொகுதியில் வந்தது. அதைப் புரட்டிப் பார்த்த பிரபுக்களுக்கு அது ஒரு புராதன அதிசயம். ஆனால் அதே ஆண்டு பாரிஸ் நகரத் தச்சுப் பட்டறைக்குள் எட்டிப் பார்த்திருந்தால் அதே இரும்பு அங்கே வேலை செய்து கொண்டிருந்திருக்கும். 1,700 ஆண்டுகளுக்குக் கொஞ்சம் குறைவான இடைவெளி. வடிவத்தில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை.

இடையில் புத்தகங்களிலும் அது தலைகாட்டியது. 1676இல் பிரான்சின் ஆந்த்ரே ஃபெலிபியன் கட்டடக்கலை பற்றி எழுதிய நூலின் படத்தில் தச்சு மேசையோடு இந்த இரும்பும் இருக்கிறது. அடுத்த சில ஆண்டுகளில் லண்டனின் ஜோசப் மாக்ஸன், 'மெக்கானிக் எக்ஸர்சைசஸ்' என்ற நூலைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். அதன் தச்சுப் படங்களில் பல ஃபெலிபியனைப் பார்த்து வரையப்பட்டவை. மாக்ஸன் ஒரு முக்கியமான குறிப்பைச் சொல்கிறார்: இந்த இரும்பு துளையில் தளர்வாகவே இருக்க வேண்டும்.

தளர்வாக இருந்தால் எப்படிப் பிடிக்கும்? அதில்தான் சூட்சுமமே!

பூட்டு எங்கே இருக்கிறது?

தண்டு துளையை விடச் சற்று மெலிந்தது. வளைந்த கையின் நுனி பலகையை அழுத்தும்போது, பலகை அந்த நுனியை மேல்நோக்கித் தள்ளுகிறது. நுனி தண்டிலிருந்து விலகி இருப்பதால், தண்டு துளைக்குள் கொஞ்சம் சாய்கிறது. சாய்ந்த தண்டு துளையின் மேல் விளிம்பில் ஒரு பக்கமும், கீழ் விளிம்பில் எதிர்ப்பக்கமும் போய் முட்டிக் கொள்கிறது. அந்த இரண்டு இடங்களிலும் எழும் உராய்வுதான் பூட்டு. பலகை எவ்வளவு வலுவாக மேலே தள்ளுகிறதோ, அவ்வளவு வலுவாகத் தண்டும் முட்டிக் கொள்ளும்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் புரியும். முதலாவது, துளை இறுக்கமாக இருந்தால் தண்டு சாய முடியாது, பூட்டும் விழாது. இரண்டாவது, கை நீளமாக இருந்தால் பிடி கூடும், மேசைப் பலகை தடிமனாக இருந்தால் பிடி குறையும். தடித்த மேசையில் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் இடைவெளி அதிகம். அதனால் சாய்வும் குறைவு, முட்டும் விசையும் குறைவு.

இதனுடன் இரும்பின் குணமும் சேர வேண்டும். தலையில் அடிக்கும்போது வளைந்த கை சற்றே நெகிழ்ந்து, வில்லைப் போலப் பலகையை அழுத்திக் கொண்டே இருக்கும். கொல்லன் உலையில் அடித்துச் செய்த இரும்புக்கு இந்த நெகிழ்ச்சி உண்டு. வார்ப்பிரும்புக்கு இது மிகக் குறைவு. பலமாக அடித்தால் உடையவும் கூடும். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எழுதத் துணிந்த தச்சர்

பிரெஞ்சு மொழியில் இந்தக் கருவிக்கு 'வலே' என்று பெயர். வலே என்றால் வேலைக்காரன், ஏவலாள். கூப்பிட்ட இடத்தில் வந்து நின்று சொன்னதைப் பிடித்துக் கொண்டிருப்பதால் பொருத்தமான பெயர்தான், இல்லையா? மேசையின் காலில் உள்ள துளைகளில் செருகும் சிறிய வகைக்கு 'வலே து பியே' என்று பெயர். அது பெரிய வீடுகளில் சீருடை அணிந்து நிற்கும் பணியாளைக் குறிக்கும் சொல்லும் கூட. 'பியே' என்றால் கால். பட்டறைக்காரர்களின் குறும்பு!

இந்த வேலைக்காரனைப் பற்றி விரிவாக எழுதி வைத்தவர் ஆந்த்ரே ழாகோப் ரூபோ. 1739இல் பாரிஸில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தவர், தானும் தச்சர். கட்டடக் கலைஞர் ழாக் ஃபிரான்சுவா பிளோந்தெலிடம் வரைகலையும் கட்டடக்கலையும் பயின்றார்.

அந்தக் காலத்தில் பாரிஸின் அறிவியல் கழகம், நாட்டில் உள்ள கைத்தொழில்களை எல்லாம் ஒவ்வொன்றாக விவரிக்கும் நூல் வரிசையை வெளியிட்டு வந்தது. 1761இல் தொடங்கிய அந்த வரிசையில் எழுதியவர்களில் பெரும்பாலோர் கற்றறிந்த கனவான்கள். பட்டறைக்குப் போய்ப் பார்த்து, கேட்டு, எழுதுவார்கள். ரூபோ அப்படி அல்ல. உளி பிடித்த கையாலேயே எழுதினார். 'தச்சனின் கலை' என்று பொருள்படும் அவருடைய நூல் 1769 முதல் 1775 வரை பல பகுதிகளாக வெளிவந்தது. அதிலுள்ள படங்கள் 380க்கும் மேல். முதல் பகுதி வெளியானபோது அவருக்கு வயது 30 தான்!

அந்த நூலின் 11ஆம் படத்தில் இருக்கிறது தச்சு மேசை. எல்ம் அல்லது பீச் மரத்தில் ஒரே பலகை. 5 முதல் 6 அங்குலத் தடிமன், 20 முதல் 24 அங்குல அகலம், 6 முதல் 12 அடி நீளம் என்று அளவுகளும் கொடுக்கிறார். (இவை பழைய பிரெஞ்சு அளவுகள், இன்றைய அங்குலம், அடியை விடச் சற்றுப் பெரியவை.) பலகையில் ஆங்காங்கே துளைகள். துளையில் வலே. இவ்வளவு தடித்த மேசையிலும் பிடிக்க வேண்டும் என்பதால் அக்காலத்து வலேக்கள் நீளமும் கனமும் கூடியவையாக இருந்தன. திருகாணிப் பிடி கொண்ட ஜெர்மானிய மேசையையும் அவர் வேறொரு பகுதியில் விவரிக்கிறார். திருகாணிப் பிடி அப்போது புதிய சரக்கு அல்ல. 1505ஆம் ஆண்டு நியூரம்பர்க் ஓவியச் சுவடி ஒன்றிலேயே அது இருக்கிறது.

வணிகக் கணக்கில் பார்த்தால் வலேயின் சிறப்பு இன்னும் தெளிவாகும். திருகாணிப் பிடி மேசையின் ஒரு இடத்தில் நிலையாக இருக்கும். வலேயோ, ஒரே முதலீட்டில் மேசை முழுவதும் நகரும். கூடுதலாக ஒரு இடத்தில் பிடிப்பு வேண்டுமா? கூடுதலாக ஒரு துளை போதும், அதற்குச் செலவு ஏறக்குறைய இல்லை.

மேசையில் பொருத்தும் முறை

இன்றைய மேசைகளில் வழக்கமான துளை முக்கால் அங்குலம். தண்டு அதைவிட ஒரு நூல் அளவுக்குக் குறைந்திருக்கும். மேசைப் பலகை இரண்டரை முதல் 4 அங்குலம் வரை தடித்திருந்தால் நன்றாகப் பிடிக்கும். அதைவிடத் தடிமனாக இருந்தால் துளையின் அடிப்பகுதியை மட்டும் கீழிருந்து அகலப்படுத்தி, பிடிக்கும் நீளத்தைக் குறைக்கலாம். மெல்லிய பலகையானால் துளைக்கு அடியில் ஒரு கட்டையை ஒட்டிக் கொள்ள வேண்டும்.

துளை செங்குத்தாக இருக்க வேண்டும். துளையிடும் முன் மேசைக்கு அடியில் குனிந்து பார்ப்பது அவசியம், ஏனென்றால் தண்டு கீழே நீட்டிக் கொண்டு வரும். அங்கே காலோ, குறுக்குச் சட்டமோ, இழுப்பறையோ இருந்தால் அந்தத் துளை வீண். ஒரு துளையில் நிற்கும் கையும் அடுத்த துளையில் நிற்கும் கையும் எட்டும் வட்டங்கள் ஒன்றை ஒன்று தொடும்படி இடைவெளி விட்டால், மேசையில் எட்டாத இடம் அதிகம் இருக்காது. எல்லாத் துளைகளையும் ஒரே நாளில் போட்டுவிடத் தேவையில்லை. இரண்டு மூன்று துளைகளில் தொடங்கி, வேலை கேட்கும்போது கூட்டிக் கொள்வதே நல்லது.

வழுக்கினால் தண்டை உப்புத்தாளால் குறுக்காகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கினால் போதும். பலகையில் தழும்பு விழாமல் இருக்க நுனிக்கு அடியில் ஒரு தோல் துண்டோ மரத்துண்டோ வைப்பார்கள். இழைப்பதற்கு இன்னொரு தந்திரம் உண்டு. ஒரு பட்டையின் நுனியை மான் குளம்பு போல வெட்டி, அந்த வெட்டில் பலகையின் மூலையைப் பொருத்தி, பட்டையை வலேயால் அழுத்தி விடுவார்கள். பலகையின் மேல் எந்த இரும்பும் இருக்காது, இழைப்புளி தடையில்லாமல் ஓடும்.

மறதியும் மீட்சியும்

ரூபோ வெறும் எழுத்தாளராக நின்றுவிடவில்லை. பாரிஸ் தானியச் சந்தையின் மேல் 1782-83இல் எழுப்பப்பட்ட பிரம்மாண்டமான மரக் குவிமாடத்தின் தச்சு வேலையைச் செய்தவர் அவர்தான். 1802இல் அது தீக்கிரையாயிற்று. அந்தக் கட்டடம் பின்னாளில் பாரிஸின் வணிகப் பரிவர்த்தனைக் கூடமாக மாறி, 2021 முதல் கலைக்கூடமாக இருக்கிறது. ரூபோவின் மரவேலை எதுவும் அங்கே மிஞ்சவில்லை.

1791 ஜனவரியில் ரூபோ இறந்தார். அதே ஆண்டு பிரெஞ்சுப் புரட்சி அரசு பழைய தொழிற்குழுக்களை ஒழித்தது. அடுத்த நூற்றாண்டில் இயந்திரங்கள் வந்தன. கையால் இழைப்பது குறைந்தது. இரும்புத் திருகாணிப் பிடிகள் மலிந்தன. பிரான்சில் வலே முற்றிலும் மறையவில்லை என்றாலும், இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அது மெல்ல மெல்ல ஓரங்கட்டப்பட்டது. கொல்லன் அடித்த இரும்பின் இடத்தில் மலிவான வார்ப்பிரும்பு வந்தபோது, நெகிழ்ச்சி இல்லாத அது சரியாகப் பிடிக்கவில்லை. வாங்கியவர்கள் "இந்தக் கருவியே உதவாது" என்று முடிவு கட்டினார்கள். தவறு கருவியில் இல்லை, சரக்கில்! ஆனால் அதை எடுத்துச் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் பட்டறைகளில் இல்லை.

அப்போதுதான் புத்தகம் பேசியது. கைவேலையில் ஆர்வம் கொண்ட அமெரிக்கர்கள் சிலர் ரூபோவின் படங்களைப் பார்த்து மேசைகளைச் செய்யத் தொடங்கினார்கள். 2007இல் கிறிஸ்டோபர் ஷ்வார்ஸ் தச்சு மேசைகளைப் பற்றி எழுதிய நூல் ரூபோவின் மேசையைப் பலருக்கு அறிமுகம் செய்தது. நெகிழ்ச்சியுள்ள எஃகில் செய்த புதிய ஹோல்டுபாஸ்ட்கள் கடைகளுக்கு வந்தன. ரூபோ நூலின் பகுதிகள் 2013இலும் 2017இலும் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டன. படத்தில் உள்ளபடி துளையிட்டு, படத்தில் உள்ளபடி அடித்தார்கள். பிடித்தது.

ரூபோ கட்டிய குவிமாடம் 20 ஆண்டுகள் கூட நிற்கவில்லை. அவர் பட்டறையில் வேலை கற்றவர்களின் பெயர்கள் கூட நமக்குத் தெரியாது. ஆனால் ஒரு சாதாரண இரும்பு வேலைக்காரனை அளவோடும் படத்தோடும் எழுதி வைத்ததால், 200 ஆண்டுகள் கழித்து வேறொரு கண்டத்தில் அந்த வேலைக்காரன் மறுபடி வேலைக்கு வந்து விட்டான். கையில் இருக்கும் அறிவு கையோடு போய்விடும். அந்தக் கையே எழுதவும் செய்தால், அது போகாது.